ஆளில்லாத தெருக்கள்: செட்டிநாட்டுக்குத் தனியாகப் போகும் பெண்களுக்கு

செட்டிநாட்டுக்குத் தனியாகப் போகலாமா என்று என்னிடம் கேட்கும் பெண்கள் வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே வருகிறார்கள். கட்டடக்கலை படிப்பவர்கள், படம் எடுப்பவர்கள், வேலையில் நான்கு நாள் லீவு கிடைத்தால் எங்காவது போய் வர நினைப்பவர்கள். வீட்டில் அப்பாவோ அண்ணனோ "தனியாவா? வேண்டாம்" என்று அந்தப் பேச்சை அதோடு முடித்திருப்பார்கள். அதன் பிறகு என்னிடம் வருவார்கள். போகலாம், தாராளமாகப் போகலாம் என்றுதான் நான் சொல்வேன். ஆனால் அந்த ஊர்களில் எதற்குக் கவனமாக இருக்க வேண்டும் என்பது மற்ற ஊர்களைப் போல இல்லை. அதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

என் அம்மாச்சி வீடு தேவகோட்டை. நான் மதுரையில் இருக்கிறேன். கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி, கோட்டையூர் என்று அந்தப் பக்கம் தனியாகவே சுற்றிப் பழகியவள்.

மதுரையிலோ சென்னையிலோ ஒரு பெண் கூட்டத்தைப் பார்த்துத்தான் சுதாரிப்பாள். பேருந்தில் உரசுகிறவன், சந்தை நெரிசலில் கை நீட்டுகிறவன் என்று நம் உடம்புக்குத் தெரிந்த பயம் எல்லாம் கூட்டத்தோடு சேர்ந்தது. செட்டிநாட்டு ஊர்களில் கவனிக்க வேண்டியது ஆள் நடமாட்டமே இல்லாமல் இருப்பதை. பிற்பகல் ஒன்றரை மணிக்கு கானாடுகாத்தானில் ஒரு தெருவில் நின்று பாருங்கள். நேர்கோடு போட்ட மாதிரி அகலமான தெரு, இரண்டு பக்கமும் மாளிகைகள், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரு ஆள் கிடையாது. படத்துக்கு அழகாகத்தான் இருக்கும். கூப்பிட்டால் யாருக்குக் கேட்கும் என்பதையும் அப்போதே யோசித்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு அந்த வீடுகளின் அமைப்பே ஒரு காரணம். இந்த மாளிகைகளைக் கட்டிய நகரத்தாரின், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வீடு ஒரு தெருவில் முன்வாசலும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடக்கும். முகப்பு, வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு, அடுப்படி என்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும். அப்படி இரண்டு வீடுகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் நடுவில் இருக்கும் சந்து முழுக்க வெறும் சுவர்தான். கதவு கிடையாது, திண்ணை கிடையாது, எட்டிப் பார்க்க ஆள் கிடையாது. முன்தெருவிலிருந்து பின்தெருவுக்குக் குறுக்கு வழி என்று அந்தச் சந்தில் நுழைந்தால் பாதி வழியில் யாராவது எதிரே வந்தால் ஒதுங்க இடம் இருக்காது. நான் அந்தச் சந்துகளில் தனியாக நுழைவதில்லை. தெருமுனை வரை போய்ச் சுற்றி வருவேன்.

இரண்டாவது காரணம் எல்லாருக்கும் தெரிந்தது. வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லை. சென்னை, பெங்களூரு, மலேசியா, சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம் போன்றவை), படைப்பு (முன்னோர் வழிபாடு) என்றால் வருவார்கள். வீடு நாலைந்து நாள் ஜேஜே என்று இருக்கும். பிறகு மறுபடியும் பூட்டு. 96 ஊர்களாக இருந்த செட்டிநாடு இப்போது எழுபது சொச்சம் ஊர்கள் என்கிறார்கள். யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014-ல் இந்த ஊர்கள் சேர்ந்த பிறகு பார்க்க வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். ஆனால் வருகிறவர்கள் முகப்பைப் படம் பிடித்துவிட்டுக் காரில் ஏறிவிடுகிறார்கள். தெருவில் குடியிருந்து பார்க்கும் கண்கள் கூடவில்லை.

ஒரு காலத்தில் இதே தெருக்களைப் பார்த்துக்கொண்டவர்கள் பெண்கள்தான். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்யப் போன ஆண்கள் மூன்று வருடக் கணக்குக்குப் போய்வருவார்கள். அந்த வருடங்களில் நெல், பால், ஆள் கூலி, பிள்ளை வளர்ப்பு, சொந்தபந்தம் எல்லாவற்றையும் ஆச்சிமார் நடத்தினார்கள். தெருவில் யார் வருகிறார், யார் போகிறார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பெண் தனியாக இருப்பது அந்த மண்ணுக்குப் புதிதில்லை என்பதை, "தனியாவா?" என்று முகம் சுளிக்கும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நான் அடிக்கடி சொல்வதுண்டு.

அதனால் நேரத்தைக் கணக்குப் போட்டுப் போங்கள். காலை ஏழு மணியிலிருந்து பன்னிரண்டு வரை ஊரில் உயிர் இருக்கும். வாசலில் கோலம் போடுவார்கள், பால்காரர் வருவார், பள்ளிப் பிள்ளைகள் போவார்கள், வீடுகளைப் பார்த்துக்கொள்கிறவர்கள் கூட்டிப் பெருக்குவார்கள். பிறகு மாலை நான்கிலிருந்து இருட்டும் வரை. நடுவில் இருக்கும் அந்த நான்கு மணி நேரத்தில் தெருவும் காலி, கோயிலும் நடை சாத்தியிருக்கும். இளையாத்தங்குடி, மாத்தூர், இரணியூர் போன்ற நகரத்தார் கோயில் ஊர்களுக்கு மதியம் போய் இறங்கினால் வெளிப்பிராகாரத்தில் நீங்களும் வெயிலும்தான் இருப்பீர்கள். அந்த நேரத்தைக் காரைக்குடியில் சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மதியம் எங்காவது போயே ஆக வேண்டும் என்றால் ஆத்தங்குடியில் தரையில் பதிக்கும் பூக்கல் செய்யும் பட்டறைக்குப் போகலாம். கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, அதன் மேல் சிமெண்டும் மணலும் போட்டு அழுத்துவதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். ஆட்கள் வேலை செய்துகொண்டே இருக்கிற திறந்த கொட்டகை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளும் அப்படித்தான், கடைக்குக் கடை ஆள் இருக்கும்.

சரி, ஆட்கள் இருந்தால் கேள்விகளும் இருக்கும். தனியாக வருகிற பெண்ணைச் செட்டிநாட்டில் யாரும் கேள்வி கேட்காமல் விடமாட்டார்கள். பள்ளத்தூரில் ஒரு திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆச்சி என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "ஏத்தா, எந்த ஊரு? யாரு வீட்டுக்கு வந்தே? கூட யாரும் வரலையா?" மூன்று கேள்விகளையும் ஒரே மூச்சில் கேட்டார். "மதுரை ஆச்சி. வீடு பாக்க வந்தேன். அம்மாச்சி ஊரு தேவகோட்டை" என்றேன். தேவகோட்டையில் எந்தத் தெரு என்பதில் தொடங்கி அரை மணி நேரம் பேசினோம். கிளம்பும்போது, "சாயங்காலம் போறப்ப இந்த வழியாப் போ, நான் இங்கதான் இருப்பேன்" என்றார். அந்தத் தெருவில் அதற்குமேல் எனக்கு வேறு பாதுகாப்பு தேவைப்படவில்லை.

சில தோழிகள் இப்படிப்பட்ட கேள்விகளை வேவு பார்ப்பதாக எடுத்துக்கொள்கிறார்கள். அந்த எரிச்சல் எனக்குப் புரிகிறது. கல்யாணம் ஆகிவிட்டதா, வீட்டுக்காரர் எப்படி விட்டார் என்று கேள்வி நீண்டால் எனக்கும் பிடிக்காது. சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றிவிடுவேன். ஆனாலும் ஊருக்குள் நுழைந்ததும் ஒரு பெண்ணிடமாவது நின்று நான்கு வார்த்தை பேசிவிடுவேன். பூ கட்டுகிறவர், பெட்டிக்கடைக்காரர், ஊரணிக்கரையில் துணி துவைப்பவர், யாராக இருந்தாலும் சரி. நான் இந்த ஊருக்குள் வந்திருக்கிறேன் என்பது ஒருவருக்குத் தெரிந்துவிடுகிறது. நம்மை ஏற இறங்கப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கும் இவள் ஆள் தெரிந்தவள் போலிருக்கிறதே என்று தோன்றும்.

இதே கேள்வியைப் பைக்கில் வரும் ஆண் வண்டியை மெதுவாக்கிக் கேட்டால் கதை வேறு. "தனியாவா வந்திருக்கீங்க? எங்க தங்கியிருக்கீங்க? நான் வேணா சுத்திக் காட்டவா?" ஆச்சி கேட்டதும் இவன் கேட்டதும் வார்த்தையில் ஒன்றுதான். கேட்கிறவர் எங்கே இருக்கிறார் என்று பாருங்கள். ஆச்சி தன் வீட்டுத் திண்ணையில் இருந்தார், ஊருக்கே அவரைத் தெரியும். பைக்கில் வந்தவனுக்கு அங்கே வீடும் இல்லை, வேலையும் இல்லை, நம் பின்னால் வருவதைத் தவிர. இப்படிக் கேட்கிறவர்களிடம் தங்குமிடத்தை நான் சொல்லமாட்டேன். "வீட்ல எல்லாரும் அந்தப் பக்கம் இருக்காங்க" என்று சொல்லிவிட்டு நடப்பேன். பொய்தான், தயங்காமல் சொல்லுங்கள். தன் பாதுகாப்புக்காகப் பெண் சொல்லும் பொய்க்கு யாரிடமும் கணக்குக் கொடுக்கத் தேவையில்லை.

ஒருமுறை ஆத்தங்குடியில் அப்படி ஒருவன் பதில் சொன்ன பிறகும் போகவில்லை. முன்னால் போய் நிற்பான், நான் கடந்ததும் மறுபடி வருவான். பேருந்து நிறுத்தம் இன்னும் தூரத்தில் இருந்தது. நேராக அங்கே போனால் ஆளில்லாத நிழற்குடையில் அவனோடு நிற்க வேண்டி வரும் என்று பட்டது. வழியில் இருந்த ஒரு கல் பட்டறைக்குள் நுழைந்து அங்கிருந்த பெண்களிடம், "அக்கா, ஒருத்தன் பின்னாடியே வர்றான்" என்றேன். ஒருவர் தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போய், "யாருடா அது?" என்று சத்தமாகக் கேட்டார். வண்டி கிளம்பிப் போன சத்தம் கேட்டது. பேருந்து வரும் வரை என்னோடு இரண்டு பேர் வந்து நின்றார்கள். எனக்கு அன்று கை நடுங்கியது. ஆனாலும் அடுத்த மாதம் அதே ஆத்தங்குடிக்குப் போனேன்.

இனி அதிகம் பேசப்படாத ஒரு விஷயம். செட்டிநாட்டில் நாம் பார்க்கப் போவதே வீடுகளின் உள்ளே. சாவி வைத்திருப்பவர் பெரும்பாலும் ஓர் ஆண். ஐம்பதோ நூறோ கொடுத்தால் திறந்து காட்டுவார். இவர்களில் பெரும்பாலானவர்கள் அந்த வீட்டைத் தன் வீடு மாதிரி நேசிக்கிற நல்ல மனிதர்கள். பர்மா தேக்குத் தூணைத் தட்டிக் காட்டும்போது அவர்கள் முகத்தில் தெரியும் பெருமை எனக்கு மிகவும் பிடிக்கும். இருந்தாலும் முன்பின் தெரியாத ஒருவரோடு, கட்டுக்குக் கட்டு இருட்டிக்கொண்டே போகும் பூட்டிய வீட்டுக்குள், சில இடங்களில் போன் சிக்னலும் எடுக்காத நிலையில் நடக்கிறோம் என்பதை மறக்கக் கூடாது.

நான் செய்வது இதுதான். திறப்பதற்கு முன்னால், "வீட்ல அக்கா இருக்காங்களா? அவங்களையும் வரச் சொல்லுங்களேன்" என்பேன். காவல் குடும்பம் பல இடங்களில் பின்கட்டிலோ பக்கத்திலோ குடியிருக்கும். மனைவியோ மகளோ சந்தோஷமாக வருவார்கள். சொல்லப்போனால் வீட்டுக் கதை அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். எந்த அறையில் சீர்ப் பாத்திரம் அடுக்குவார்கள், அடுப்படியில் எத்தனை பேருக்குச் சமைத்தார்கள் என்பதெல்லாம் அவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். யாரும் இல்லை என்றால் முன்கதவைத் திறந்தே வைக்கச் சொல்வேன். அவரை முன்னால் நடக்கவிட்டு நான் பின்னால் வருவேன். முகப்பும் வளவும் பார்த்தால் போதும், அங்கிருந்தால் வாசல் தெரியும். மாடிக்கும் நிலவறைக்கும் தனியாகப் போவதில்லை. "மாடியில இருந்து பாத்தா ஊரே தெரியும்" என்று ஆசை காட்டினாலும், "இன்னொரு நாள் வர்றேண்ணே" என்று சொல்லிவிடுவேன். வேறு பார்வையாளர்கள் வந்தால் அவர்களோடு சேர்ந்து போவேன். கட்டணம் வாங்கிப் பலருக்கும் திறந்துவிடும் பெரிய வீடுகளில் இந்தக் கவலை குறைவு. அங்கே எப்போதும் நாலு பேர் இருப்பார்கள்.

நாம் சந்தேகப்படுகிறோம் என்று அவர் மனம் புண்படுமே என்று சிலர் தயங்குகிறார்கள். மரியாதையாகக் கேட்டால் புண்படமாட்டார். பெண்பிள்ளை வைத்திருக்கிறவருக்கு நாம் ஏன் கேட்கிறோம் என்பது புரியும். அதற்கும் கோபப்படுகிறவர் என்றால் அந்த வீட்டைப் பார்க்காமல் வருவதே நல்லது.

போக்குவரத்துக்கு வருகிறேன். 2021 மே மாதத்திலிருந்து அரசுச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. காரைக்குடியிலிருந்து கிராமங்களுக்குப் போகும் டவுன் பஸ்களில் ஏறினால் வண்டி முழுக்கப் பெண்கள். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், கல்லூரிப் பெண்கள், காய்கறிக்காரர்கள். எனக்குத் தெரிந்து அந்தப் பகுதியில் ஒரு பெண் தனியாகப் போவதற்கு இதைவிடப் பத்திரமான வண்டி இல்லை. ஏறியதும் நடத்துநரிடம், "கடைசி பஸ் எத்தனை மணிக்குண்ணே?" என்று கேட்டுவிடுங்கள். போனில் பார்க்கும் நேரத்தை நம்பி மாலையில் நிறுத்தத்தில் நிற்க வேண்டாம். கடைசிக்கு முந்தின பேருந்தைத்தான் உங்கள் கடைசிப் பேருந்தாக வைத்துக்கொள்ள வேண்டும்.

நாள் முழுக்க ஆட்டோ வேண்டும் என்றால் ரோட்டில் கைகாட்டி நிறுத்தாமல் தங்கியிருக்கும் இடத்தில் சொல்லி வரவழையுங்கள். நிறுத்தத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஓட்டுநர் நம்மைப் பொறுப்பாகத் திரும்பக் கொண்டுவந்து விடுவார். வண்டி எண்ணைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புவதை அவர் பார்க்கும்படியே செய்யுங்கள்.

ரயிலில் வருகிறவர்கள் இறங்கும் நேரத்தை யோசிக்க வேண்டும். எழும்பூரிலிருந்து பிற்பகலில் கிளம்பும் பல்லவன் எக்ஸ்பிரஸ் காரைக்குடிக்கு வந்து சேர இரவு வெகுநேரம் ஆகிவிடும். ராமேஸ்வரம் போகும் இரவு வண்டிகள் நடுநிசிக்குப் பிறகுதான் காரைக்குடியைத் தொடும். அந்த நேரத்தில் இறங்கினால் தங்குமிடத்திலிருந்து வண்டி வந்து நிற்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். வண்டி வரும் வரை நடைமேடையில் ஆட்கள் இருக்கும் இடத்திலேயே இருங்கள். முடிந்தால் பகலில் திருச்சியிலோ மதுரையிலோ இறங்கிப் பேருந்தில் வருவது மேல். இரண்டு ஊரும் காரைக்குடிக்கு ஏறத்தாழ 90 கிலோமீட்டர்தான். ரயிலுக்குள் தொந்தரவு என்றால் 139.

தங்குவதில் ஒரு எரிச்சல் இன்னும் இருக்கிறது. தனியாக வரும் பெண்ணுக்கு ரூம் தர யோசிக்கிற லாட்ஜுகள் உண்டு. "கூட யாரு?" என்று கேட்டுவிட்டு, பிறகு ரூம் இல்லை என்பார்கள். எனக்கே நடந்திருக்கிறது. பெண் தனியாகத் தங்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. இரவில் வாக்குவாதம் செய்ய நேரிடாமல் இருக்க, முன்பே போன் செய்து "நான் ஒருத்திதான் வர்றேன்" என்று சொல்லிப் பதிவு செய்யுங்கள். அடையாளத்துக்கு ஆதார் கேட்டால், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுக்கலாம். அறைக்குள் போனதும் தாழ்ப்பாளையும் ஜன்னலையும் குளியலறை வெளிப்பக்கக் கதவையும் பாருங்கள். பழைய வீடுகளை விடுதியாக்கிய இடங்களில் ஒரே அறைக்கு இரண்டு மூன்று கதவுகள் இருக்கும். எது எங்கே திறக்கிறது என்று கேட்டு எல்லாவற்றையும் உள்ளே தாழிடுங்கள். எடுத்த படங்களைச் சமூக வலைத்தளத்தில் அந்த ஊரைவிட்டுக் கிளம்பிய பிறகு போடுங்கள்.

போனில் இருக்க வேண்டியவை: அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181. தமிழ்நாடு காவல்துறை 2022-ல் கொண்டுவந்த 'காவல் உதவி' செயலியில் சிவப்புப் பொத்தான் ஒன்று உண்டு. அழுத்தினால் நீங்கள் இருக்கும் இடம் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். ஊருக்குக் கிளம்பும் முன்பே நிறுவிப் பதிவு செய்துவிடுங்கள். புகார் கொடுக்க வேண்டி வந்தால், இது எங்கள் எல்லை இல்லை என்று எந்தக் காவல் நிலையமும் திருப்பி அனுப்ப முடியாது; எந்த நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதியலாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 78-வது பிரிவுப்படி ஒரு பெண்ணைப் பின்தொடர்வது குற்றம், முதல் தடவைக்கே மூன்று வருடம் வரை சிறை. தமிழ்நாட்டில் அதற்கு வெகு முன்பே, 1998-லேயே, பெண்களைத் தொந்தரவு செய்வதற்கு எதிராகத் தனிச் சட்டம் வந்தது. சென்னையில் சரிகா ஷா என்ற கல்லூரி மாணவி, தொந்தரவு செய்தவர்களால் உயிரிழந்த பிறகு வந்த சட்டம் அது. இந்தச் சட்டங்களில் எதுவும் அவள் ஏன் தனியாக வந்தாள் என்று கேட்பதில்லை. நமக்கு அறிவுரை சொல்கிறவர்கள்தான் கேட்கிறார்கள்.

கழிப்பறையைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை விட முடியாது. அந்த ஊர்களில் பொதுக் கழிப்பறை குறைவு. அதனாலேயே பெண்கள் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நடந்து மயங்குகிறார்கள், அல்லது ஒதுக்குப்புறமாகக் கண்மாய்க் கரைக்குப் போகிறார்கள். அதுதான் ஆபத்தான இடம். பிள்ளையார்பட்டி, குன்றக்குடி போன்ற பெரிய கோயில்களிலும் நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்க்குகளிலும் உணவகங்களிலும் போய்விட்டு அடுத்த ஊருக்குக் கிளம்புங்கள். இல்லாவிட்டால் ஏதாவது ஒரு வீட்டில் அக்காவிடம் கேளுங்கள். எனக்கு இதுவரை யாரும் மறுத்ததில்லை.

திருவிழாக் கூட்டம் தனி. பிள்ளையார்பட்டிச் சதுர்த்தியும் குன்றக்குடிப் பங்குனி உத்திரமும் பார்க்க ஆசை என்றால் பெண்கள் குழுவோடு ஒட்டிக்கொள்ளுங்கள், பை முன்பக்கம் இருக்கட்டும். மஞ்சுவிரட்டுத் திடலுக்குத் தனியாகப் போக நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

இவ்வளவையும் பெண்கள்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது என்பது எனக்கு ஆறாத கோபம். வீடுகளைக் காட்டி வருமானம் பார்க்கும் ஊர்கள் வருகிற பெண்களுக்குச் செய்ய வேண்டியவை இருக்கின்றன. சந்துகளில் விளக்கு, பேருந்து நிறுத்தத்தில் விளக்கு, பூட்டுப் போடாத ஒரு பெண்கள் கழிப்பறை, மாலை ஏழுக்குப் பிறகு ஒரு பேருந்து. வீடு காட்டும் வேலைக்கு அந்தந்த ஊர்ப் பெண்களை நியமித்துச் சம்பளம் கொடுக்கலாம். கதையும் தெரிந்தவர்கள், வருகிற பெண்களுக்கும் நிம்மதி. இதையெல்லாம் கேட்க இடம் இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. அந்த ஊர்க்காரப் பெண்கள் இதைப் படித்தால், அடுத்த கூட்டத்தில் தெருவிளக்கையும் கழிப்பறையையும் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.